கோப்பு ஏன் கனக்கிறது?

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் பேசுவார்கள். என்னை அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டது வேறு. "ஆன்லைனில் விண்ணப்பம் போட உட்கார்ந்தால், எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு 'ஃபைல் சைஸ் அதிகம்' என்று சொல்லி நிற்கிறது. அதைக் கொஞ்சம் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்றார்கள். அரங்கில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள், ஓய்வூதியர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். இ-சேவை மையம் நடத்துகிறவர்களும் வந்திருக்கிறீர்கள். கடைசியில் சொன்னவர்களுக்கு நான் சொல்வதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கருத்து. கோப்பைச் சுருக்குவது என்றால் பெரும்பாலும் அதிலிருந்து எதையோ விட்டுவிடுகிறோம் என்று பொருள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். நாம் செய்யாவிட்டால் மென்பொருள் அதன் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடும். அந்த முடிவுக்கான நேரம், ராத்திரி பதினொன்றரை மணிக்கு 'சப்மிட்' பொத்தானை அழுத்துகிற நேரமல்ல. ஸ்கேனர் மூடியைத் திறக்கிற நேரம்.

ஒரு பக்கத்தின் எடை

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் 250 சொல் உள்ள ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்கிறீர்கள் என்று வையுங்கள். யூனிகோடில் அது ஏறத்தாழ 2,000 குறியீடுகளாக நிற்கும். இணையத்தில் பெரும்பாலும் புழங்குகிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் இடம். ஆக மொத்தம் சுமார் 6,000 பைட், அதாவது 6 கேபி. அவ்வளவுதான் ஒரு பக்கத் தமிழின் எடை.

அதே பக்கத்தை அச்சிட்டு ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 தாள் 8.27 அங்குல அகலம், 11.69 அங்குல உயரம். ஸ்கேனரில் 300 டிபிஐ வைத்தால், ஓர் அங்குலத்தில் 300 புள்ளி. அகலத்தில் 2,480 புள்ளி, உயரத்தில் 3,508 புள்ளி. பெருக்கினால் 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் எடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். மொத்தம் 2 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 26 எம்பி. எந்தச் சுருக்கமும் செய்வதற்கு முந்தைய எடை இது.

6 கேபி எங்கே, 26 எம்பி எங்கே? நாலாயிரம் மடங்குக்கும் மேல். எழுதியிருக்கிற விஷயம் ஒன்றுகூட அதிகமாகவில்லை. தாளின் வெள்ளை, தாளில் விழுந்த மடிப்பு, பின்பக்கத்து மையின் நிழல், ஸ்டேப்ளர் பின் துரு, எல்லாவற்றையும் எழுத்தோடு சேர்த்துப் படம் பிடித்திருக்கிறோம். கோப்பைக் கனக்க வைப்பது எழுத்து அல்ல, எழுத்தைப் பிடித்த படம். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எனவே முதல் விதி: கணினியில் உருவான ஆவணத்தைக் கணினியிலிருந்தே பிடிஎஃப் ஆக்குங்கள். வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ அடித்த கடிதத்தை அச்சிட்டு, கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் மொத்தப் பத்துப் பக்கத்தையும் ஸ்கேன் செய்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கையெழுத்து இருக்கிற கடைசிப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து, மற்ற ஒன்பதையும் நேராக பிடிஎஃப் ஆக்கி இணைத்தால் போதும். எடை பெருமளவு இறங்கிவிடும். அந்த ஒன்பது பக்கத்திலும் தேடினால் சொல் கிடைக்கும். பெறுகிறவர் நகலெடுத்து ஒட்டவும் முடியும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து கேட்கிற இடத்தில் இது செல்லாது. அங்கே ஸ்கேனரை எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி.

வண்ணமா, சாம்பலா, கறுப்பு வெள்ளையா?

ஸ்கேனரில் நாம் கவனிக்காமல் விடுகிற இடம் இரண்டு: வண்ணமும் டிபிஐயும். அதே 300 டிபிஐயில் வண்ணத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் எடுத்தால் 26 எம்பி, 8.7 எம்பி ஆகிறது. முழுக் கறுப்பு வெள்ளை என்றால் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பிட், அதாவது பைட்டில் எட்டில் ஒரு பங்கு; 1.1 எம்பிக்குக் கீழே வந்துவிடும். கறுப்பு வெள்ளைப் பக்கங்களை ஒரு புள்ளிகூட இழக்காமல் சுருக்குவதற்கு 1984-லேயே ஃபேக்ஸ் இயந்திரங்களுக்காக 'குரூப் 4' என்ற முறை தரப்படுத்தப்பட்டது. பிடிஎஃப் அதை இன்றும் பயன்படுத்துகிறது. சாதாரணத் தட்டச்சுப் பக்கம் அந்த முறையில் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடலாமே என்று தோன்றும். நம் ஊர் ஆவணங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வட்டமுத்திரை ஊதா மையில் இருக்கிறது. முத்திரையிட்டவர் ஸ்டாம்ப் பேடில் மை காய்ந்த பிறகு குத்தியிருந்தால் பாதி வட்டம்தான் தெரியும். சான்றொப்பமிடும் அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட்டிருப்பார். முழுக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேனர் ஒவ்வொரு புள்ளியையும் 'கறுப்பா, வெள்ளையா' என்று மட்டும்தான் கேட்கும். வெளிறிய ஊதா வெள்ளையாகிவிடும். முத்திரை காணாமல் போகும். பழைய பத்திரத்தின் பழுப்புத் தாள் மொத்தமாகக் கறுப்பாகி எழுத்தை விழுங்கிவிடும். முத்திரை இல்லாத சான்றிதழை எந்த அலுவலகம் ஏற்கும்?

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அச்செழுத்து மட்டும் உள்ள பக்கம் கறுப்பு வெள்ளை. முத்திரை, கையெழுத்து, மேலொட்டிய புகைப்படம் உள்ள பக்கம் சாம்பல். மையின் நிறமே சான்றாக வேண்டிய பக்கம், அல்லது வண்ண நகல் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிற இடம், அங்கே மட்டும் வண்ணம். ஒரே கோப்பில் மூன்று விதப் பக்கமும் கலந்து இருக்கலாம். பிடிஎஃப் அதற்கு மறுப்பே சொல்லாது.

டிபிஐ விஷயத்தில் தமிழுக்கென்று ஒரு கவலை உண்டு. 10 பாயின்ட் எழுத்தளவில் அச்சான எழுத்துக்கு 300 டிபிஐயில் ஏறத்தாழ 42 புள்ளி உயரம் கிடைக்கும். 150-ல் அது 21. 72-ல் வெறும் 10. ஆங்கில எழுத்து 72-லும் ஒருவாறு படிக்க வரும். நம் எழுத்தில் மெய்யின் மேல் ஒரு புள்ளி இருக்கிறதே, அது அந்தப் பத்தில் ஒரு புள்ளி அளவுக்குச் சுருங்கி, பக்கத்து நிழலோடு கலந்து மறைந்துவிடும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள ஒரு சுழி வேறுபாடு கரைந்துவிடும். பெயர்ப் பொருத்தம் பார்க்கிற இடத்தில் இது சின்ன விஷயமல்ல. தமிழ்ப் பக்கத்தை 150 டிபிஐக்குக் கீழே இறக்காதீர்கள். பட்டா, பழைய கிரயப் பத்திரம் போன்ற பொடி எழுத்து ஆவணங்களுக்கு 200 வைத்துக்கொள்ளுங்கள். 150 டிபிஐ சாம்பல் பக்கம் ஒன்று, நிதானமான ஜேபெக் தரத்தில், வழக்கமாக 200, 300 கேபிக்குள் நிற்கும். பெரும்பாலான தேவைக்கு இது போதும்.

கண்ணுக்குத் தெரியாததை விடும் கலை

ஜேபெக் என்று சொன்னேன். நாம் தினமும் கையாளுகிற அந்தப் படக்கோப்புக்கு உள்ளே நடப்பது ஒரு நல்ல கதை. அதில் நம் நாட்டவர் பங்கு பெரிது.

பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். படத்தைச் சுருக்க ஒரு கணித முறை தோன்றி, 1972-ல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். பரிசீலித்தவர்களில் ஒருவருக்கு அந்த யோசனை மிகவும் எளிமையாகப் பட்டதாம். அகமது விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜனோடும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் இருந்த நண்பர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து உழைத்தார். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். மூவர் பெயரிலும் கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்' என்பது அந்த முறையின் பெயர். 1992-ல் ஜேபெக் தரநிலையாக வந்தபோது அதன் நெஞ்சில் இருந்தது இதுதான்.

செய்வது என்ன? படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிச் சதுரங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சதுரத்திலும் மெல்ல மாறுகிற ஒளி எவ்வளவு, சடசடவென்று மாறுகிற நுணுக்கம் எவ்வளவு என்று பிரிக்கிறது. மெல்ல மாறுவதை நம் கண் நன்றாகப் பார்க்கும். மிக நுணுக்கமானதை அவ்வளவாகப் பார்க்காது. ஆகவே நுணுக்கத்தைத் தோராயமாக்கி எறிந்துவிடுகிறது. நிற மாற்றத்தைவிட வெளிச்ச மாற்றத்தைக் கண் கூர்மையாகக் காண்பதால், நிறத்தின் விவரத்தையும் குறைத்துக்கொள்கிறது. முகத்துக்கும் வானத்துக்கும் மரத்துக்கும் இது அற்புதமாகப் பொருந்தும்.

எழுத்துக்குப் பொருந்துமா? எழுத்தின் ஓரம் என்பது வெள்ளையிலிருந்து கறுப்புக்குச் சடக்கென்று தாவுகிற இடம். ஜேபெக் எறிய விரும்புகிற நுணுக்கமே எழுத்தின் உயிர். அதனால்தான் தரத்தை மிகவும் இறக்கினால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல அழுக்குப் படிகிறது. திரும்பத் திரும்ப ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எறியப்படும். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை மறுபடி ஒருவருக்குப் படமாக அனுப்பி, அவர் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பி, கடைசியில் அதைச் சான்றாக இணைக்கிறோம். ஆவணத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். வந்தபடியே போய்ச் சேரும்.

எண் மாறிய நகல்

மங்கலாவது ஒரு வகையில் நல்லது. கெட்டுப்போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு.

2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தின் ஸ்கேன் நகலில் விசித்திரம் ஒன்றைக் கண்டார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். நகலில் மூன்றுமே 14.13. எழுத்து மங்கவில்லை, பளிச்சென்று இருந்தது. எண் மட்டும் வேறு. நகல் எடுத்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரங்கள் ஜேபிக்-2 என்ற சுருக்க முறையைப் பயன்படுத்தின. ஒரே மாதிரி இருக்கிற எழுத்துத் துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டுவது அந்த முறையின் உத்தி. ஒரே மாதிரி என்று இயந்திரம் நினைத்தது உண்மையில் ஒன்றாக இல்லாதபோது ஓர் எண்ணுக்குப் பதில் இன்னொரு எண் வந்து உட்கார்ந்துவிட்டது. செய்தி உலகெங்கும் பேசப்பட்டு, நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

சர்வே எண், கணக்கு எண், மதிப்பெண், தொகை: நாம் இணைக்கிற ஆவணத்தில் பாதி எண்தான். ஆகவே இரண்டாவது விதி: சுருக்கிய பிறகு கோப்பைத் திறந்து, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்களை ஒருமுறை படியுங்கள். முழுத்திரையில் பெரிதாக்கிப் படியுங்கள். இதற்கு ஆகிற நேரம் ஒரு நிமிடம்.

ஜிப், வேர்டு, மறைந்திருக்கும் எடை

'ஜிப் செய்தேன், குறையவே இல்லை' என்று பலர் சொல்கிறார்கள். குறையாது. ஜிப் எதையும் இழக்காமல் சுருக்குகிற முறை. 1977-ல் ஆப்ரகாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் இருவரும் தந்த வழியில், திரும்பத் திரும்ப வருகிற பகுதிகளைக் குறிப்பாக மாற்றி இடம் மிச்சம் பிடிக்கிறது. எழுத்துக் கோப்பில் திரும்ப வருவது நிறைய. ஜேபெக்கிலும் ஸ்கேன் பிடிஎஃப்பிலும் அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? பல கோப்புகளை ஒரே பொட்டலமாகக் கட்ட ஜிப் நல்லது. எடை குறைக்க அல்ல.

வேர்டு கோப்பே உள்ளுக்குள் ஒரு ஜிப்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு நகல் எடுத்து, பெயரின் முடிவில் உள்ள டாக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'மீடியா' என்று ஒரு கோப்புறை இருக்கும். கனக்கிற படங்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்துத் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கியிருப்பீர்கள். பார்வைக்குத்தான் சிறிது. உள்ளே நாலாயிரத்துக்கு மூவாயிரம் புள்ளிப் படம் பல நேரம் அப்படியே இருக்கிறது. ஓரத்தை வெட்டியிருந்தால், வெட்டிய பகுதியும் உள்ளேயே இருக்கிறது.

இதில் எடையைவிட அந்தரங்கம் பெரிய கேள்வி. ஆதார் அட்டைப் படத்தில் எண் தெரியாமல் இருக்க வேர்டில் ஓரத்தை வெட்டி அனுப்பியிருப்பீர்கள். பெறுகிறவர் வெட்டை விரித்தால் எண் வந்துவிடும். படத்தைத் தேர்ந்தெடுத்து 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போங்கள். 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்ற கட்டத்தில் குறியிட்டு, 150 பிபிஐ (டிபிஐ போன்ற அளவுதான்) தேர்ந்தெடுங்கள். எடையும் இறங்கும், எண்ணும் போய்விடும். பிடிஎஃப்பிலும் இப்படி ஒன்று உண்டு. பல மென்பொருள்கள் திருத்தத்தைக் கோப்பின் வாலில் சேர்த்துக்கொண்டே போகும். நீக்கிய பக்கம் உள்ளே கிடக்கும். 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதுப் பெயரில் சேமித்தால் பெரும்பாலும் அந்தக் குப்பை கழியும்.

மின்னஞ்சல் கூட்டும் மூன்றில் ஒரு பங்கு

மின்னஞ்சல் முதலில் எழுத்துக்காக மட்டுமே பிறந்தது. படமோ ஒலியோ அதில் போக நேரடி வழியில்லை. 1992-ல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் வகுத்த மைம் என்ற தரநிலை அந்தக் கதவைத் திறந்தது. அந்த ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி போரன்ஸ்டைன் அனுப்பிய இணைப்பில் போனது, தான் பாடுகிற நால்வர் குழுவின் படமும் பாட்டும்.

கதவு திறந்தாலும் பாதை பழையதுதான். எழுத்து மட்டும் போகிற பாதையில் படத்தை அனுப்ப, அதை எழுத்தாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது. வரி முடிவுகளையும் சேர்த்தால் 100 எம்பி 137 எம்பி ஆகிறது. 18 எம்பி கோப்பு பயணத்தில் 25 எம்பியைத் தொட்டுவிடும். ஜிமெயிலில் இணைப்புக்கு வரம்பு 25 எம்பி. தாண்டினால் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை மட்டும் அனுப்புகிறது. நம் பக்கம் போய்விட்டாலும் பெறுகிறவரின் அலுவலகப் பெட்டிக்குத் தனி வரம்பு இருக்கும். அங்கே முட்டித் திரும்பி வரும். 10 எம்பிக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பான பழக்கம். அதற்கு மேல் போனால் டிரைவ் முகவரி அனுப்புங்கள். யார் பார்க்கலாம் என்பதை அந்தக் குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு மட்டும் என்று வையுங்கள். அலுவலகக் கடிதத்துக்கு முகவரி அனுப்பும்போது, கோப்பை ஒரு மாதத்தில் நீக்கிவிடாதீர்கள்; அவர்கள் திறப்பதற்கு நாளாகும்.

தேர்வு விண்ணப்பத்தின் சின்னப் படங்கள்

இளைஞர்கள் காத்திருப்பது இதற்குத்தான் என்று தெரியும். வங்கிப் பணிக்கான ஐபிபிஎஸ் தேர்வை எடுத்துக்கொள்வோம். புகைப்படம் 200-க்கு 230 புள்ளி, 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140-க்கு 60 புள்ளி, 10 முதல் 20 கேபி. கவனியுங்கள், மேல் வரம்பு மட்டுமில்லை, கீழ் வரம்பும் இருக்கிறது.

போனில் எடுத்த 4 எம்பி படத்தை 50 கேபிக்குக் கொண்டுவரப் பலர் செய்வது, புள்ளிகளை அப்படியே வைத்துத் தரத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்குவது. முகம் கட்டம் கட்டமாகிவிடும். முறை இதுதான்: முதலில் முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டுங்கள். பிறகு 200-க்கு 230 ஆக அளவைக் குறையுங்கள். சுருக்காமலேயே அந்தப் படம் 135 கேபிதான். நல்ல தரத்தில் ஜேபெக்காகச் சேமித்தாலே வரம்புக்குள் வந்துவிடும்.

கையெழுத்தில் வேறு சிக்கல். 140-க்கு 60 என்றால் மொத்தம் 8,400 புள்ளி. சுருக்காத எடையே 25 கேபிக்குள். அதில் பெரும்பகுதி வெள்ளைத் தாள். ஜேபெக் ஆக்கினால் சர்ரென்று 10 கேபிக்குக் கீழே இறங்கிவிடும். 'சைஸ் குறைவு' என்று தளம் திருப்பும். பதறாதீர்கள். அந்தப் புள்ளி அளவு 'விரும்பத்தக்கது' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதே விகிதத்தில் 280-க்கு 120 ஆக்கி, தரத்தை உயர்த்திச் சேமியுங்கள், 10-ஐத் தாண்டும். கறுப்பு மையில், வெள்ளைத் தாளில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நிழல் விழுந்த தாளைப் பிற்பாடு எந்த மென்பொருளும் முழுதாகச் சீர்செய்யாது.

சுருக்கக் கூடாத கோப்பு

இந்த உரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். இ-சேவை வழியாக நமக்கு வருகிற வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் மின்கையொப்பம் இட்ட பிடிஎஃப். கையொப்பமிட்ட அலுவலரின் பெயரும் தேதியும் ஒரு கட்டத்தில் தெரியும். அந்தக் கையொப்பம் தாளில் போட்ட மை மாதிரி அல்ல. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கிட்டுப் பூட்டிய பூட்டு. ஒரு பைட் மாறினாலும் பூட்டு உடைந்ததாகக் காட்டும்.

நாம் என்ன செய்கிறோம்? அந்தச் சிறிய கோப்பை இறக்கி அச்சிடுகிறோம். ஜெராக்ஸ் கடையில் நகல் எடுக்கிறோம். நகலில் சான்றொப்பம் வாங்குகிறோம். அதை ஸ்கேன் செய்கிறோம். இப்போது அது பல மடங்கு கனக்கிறது. ஆன்லைனில் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றிச் சுருக்குகிறோம். கடைசியில் கையில் இருப்பது மங்கலான படம். யாரும் சரிபார்க்க முடியாத படம். தொடக்கத்தில் இருந்ததோ யாரும் சரிபார்க்கக்கூடிய, எடை குறைந்த மூலம். மின்கையொப்பமிட்ட கோப்பை இறக்கியபடியே இணையுங்கள். வரம்பைத் தாண்டினாலொழிய தொடவே தொடாதீர்கள். தாண்டினால் நகலைச் சுருக்கி இணைத்துவிட்டு, மூலத்தைத் தனியே பத்திரமாக வைத்திருங்கள்.

சுருக்கித் தரும் இலவசத் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமா போஸ்டரை ஏற்றுங்கள், கவலையில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை அங்கே ஏற்றும்போது, யாருடைய கணினியில் எத்தனை நாள் அது இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கணினியிலேயே இந்த வேலை முடியும். லிப்ரே ஆபீஸ் இலவசம். பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது படத்தின் டிபிஐயையும் தரத்தையும் கேட்கும். ஆப்பிள் கணினியில் 'பிரிவ்யூ' செய்யும், ஆனால் சில சமயம் அளவுக்கு மீறிக் கெடுத்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 'ஸ்கிரீன்' என்றால் 72, 'ஈபுக்' என்றால் 150, 'பிரிண்டர்' என்றால் 300 டிபிஐ. தமிழ் ஆவணத்துக்கு 'ஈபுக்' எடுங்கள். ஆதார் எங்கே கேட்டாலும், முழு எண் தேவையில்லாத இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள்.

வரம்பு வைக்கிறவர்களுக்கு

இவ்வளவு நேரம் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பேசினேன். விண்ணப்பம் வாங்குகிற அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களும் இங்கே இருக்கலாம். வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேர் ஏற்றுகிற தளத்துக்கு அது தேவை. ஆனால் ஐந்து பக்கப் பத்திரத்துக்கும் ஒற்றைப் பக்க மதிப்பெண் பட்டியலுக்கும் ஒரே வரம்பு வைத்தால், பத்திரம் படிக்க முடியாமல்தான் வரும். வரம்பைக் கோப்புக்கு வைக்காமல் பக்கத்துக்கு வையுங்கள். எத்தனை டிபிஐ, வண்ணம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் வரம்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அளவு மீறியது என்ற செய்தியை முழுப் படிவத்தையும் நிரப்பிய பிறகு காட்டாதீர்கள். கோப்பைத் தேர்ந்தெடுத்த உடனே காட்டுங்கள்.

அதைவிட ஒரு படி மேலே போகலாம். அரசுச் சான்றுகளை இணையத்தில் வைத்துத் தரும் டிஜிலாக்கர் 2015-லிருந்து இருக்கிறது. அரசு வழங்கிய சான்று அரசின் கணினியிலேயே இருக்கிறது. சான்றிதழ் எண்ணைக் கொடுத்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ள முடிகிற இடத்தில், அதே சான்றைக் குடிமக்களிடம் படமாகக் கேட்பானேன்? அரசு தன்னிடமே இருக்கிற தாளின் மங்கலான நகலை வாங்கி வைக்கத்தான் இத்தனை ஸ்கேனரும், இத்தனை சுருக்கமும், இத்தனை ராத்திரி விழிப்பும் செலவாகிறது. உலகத்திலேயே சிறிய கோப்பு, அனுப்பத் தேவையே இல்லாத கோப்புதான்.

அந்த நாள் வரும்வரைக்கும் நம் பங்கைச் சரியாகச் செய்வோம். கணினியில் பிறந்ததைக் கணினியிலேயே வையுங்கள். தாளை ஸ்கேன் செய்யுமுன் வண்ணத்தையும் டிபிஐயையும் பாருங்கள். அளவைக் குறைத்த பிறகு தரத்தைத் தொடுங்கள். எண்களை ஒப்பிட்டுப் படியுங்கள். மின்கையொப்பத்தைத் தொடாதீர்கள். மூலத்தை அழிக்காதீர்கள். இவற்றில் எதற்கும் கணினிப் பட்டம் தேவையில்லை. கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், இ-சேவை மையத்து நண்பர்களும் சேர்ந்து பதில் சொல்வார்கள்.